பக்கத்து ஜன்னலை அழுத்தியபோது

வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம்

அன்புள்ள கிரேன்காரருக்கு,

நலமா என்று கேட்டால் "நலம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவீர்கள். அதனால் நேராகவே கேட்கிறேன். முதுகு எப்படி இருக்கிறது? பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் கிரேனில் ஏறுகிறீர்களா, இல்லை அது கட்டிலுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறதா? இங்கே நாங்கள் மூவரும் சுகம். லிஃப்டுக்குத்தான் மூன்று வாரமாகச் சுகமில்லை. உங்கள் அப்பா நான்கு மாடி ஏறி வந்து, நான்தான் அதைக் கெடுத்து வைத்த மாதிரி ஒரு பார்வை பார்க்கிறார். மகள் கணக்கில் எப்படியோ தேறிவிட்டாள். வாய்ப்பேச்சில் உங்களைத் தாண்டி ரொம்ப நாளாயிற்று.

போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் உங்கள் வேலை முகாமின் அந்த ஒரே போனில் நான் ஏதாவது கேட்டால், வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். அதனால் அங்கே வரும் சாமான் லாரியில் கடிதமே போகட்டும்.

நீங்கள் கேட்டிருந்ததற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. என்னை நிரந்தரமாக்குவது பற்றி மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. இந்தப் புது வேலை முடியட்டும், பார்க்கலாம் என்கிறார். மாதக் கடைசிக்குள் நீங்கள் அங்கே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டும் என்பது எனக்கு மறக்கவில்லை. பல் தேய்க்கும்போதுகூட அதுதான் நினைவு. எனக்கு இங்கே நிரந்தரம் என்று ஒரு தாள் கிடைத்தால் நீங்கள் கையெழுத்துப் போடாமல் வந்துவிடலாம். அந்தத் தாளுக்காகத்தான் இந்த வயதில் முதல் வகுப்புப் பிள்ளை மாதிரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

படிப்பது போர்ட்லெட். ஒரு பெரிய ஆஸ்பத்திரி தன் ஊழியர்களுக்காகப் போர்ட்டல் ஒன்று வாங்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் ஒரே பக்கம், அதில் நான்கைந்து சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒன்றில் அறிவிப்பு, ஒன்றில் கேண்டீன் பட்டியல், ஒன்றில் விடுப்பு விவரம். நர்சுகள் தங்களுக்குள் டூட்டியை மாற்றிக்கொள்ளும் ஜன்னலை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு ஜன்னலுக்குப் பெயர்தான் போர்ட்லெட்.

பதினாறு வருஷமாக நான் எழுதியது சர்வ்லெட். இரண்டும் ஜாவாவில் எழுதும் புரோகிராம்தான், ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் குணம் வேறு. சர்வ்லெட்டில் பக்கம் முழுக்க என்னுடையது. யாரோ ஒருவர் ஒரு முகவரியைத் தட்டுவார், அது நேராக என்னிடம் வரும். தலைப்பு முதல் கடைசி வரி வரை நானே எழுதி அனுப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவேன். போர்ட்லெட்டில் அந்த அதிகாரமெல்லாம் இல்லை. பக்கம் போர்ட்டலுடையது. எனக்கு ஒதுக்கிய சதுரத்துக்குள் நான் எழுத வேண்டியதை மட்டும் எழுதலாம். எனக்கென்று சொந்த முகவரிகூடக் கிடையாது. ஒரு பொத்தான் வைப்பதென்றால், அதை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்பதைப் போர்ட்டலிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். எப்போது கூப்பிட்டாலும் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

இதை உங்கள் அப்பாவிடம் விளக்கினேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் அல்லவா, டீயை உறிஞ்சிக்கொண்டே, "அப்போ இத்தனை நாளா பஸ்ஸ நீ ஓட்டுன, இப்ப டிக்கெட் எடுத்துட்டு ஒரு சீட்ல உக்காந்திருக்க. அவ்வளவுதானம்மா?" என்றார். புத்தகம் நாற்பது பக்கத்தில் சொன்னதை ஒரு வாய் டீயில் முடித்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

சலிப்பாக இருக்கிறது என்று உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? புரியாமல் இல்லை. புரிகிறது, கை பழகவில்லை. நேற்று என் பொத்தானை அழுத்தினால் கேண்டீன் பட்டியல் திறந்துகொண்டது. கேண்டீன் ஜன்னலை எழுதிய தாடிக்காரரும் நானும் ஒரே பெயரில் ஆளுக்கொரு கட்டளை எழுதி வைத்திருந்தோம். ஒரே பக்கத்தில் இருந்தால் பெயருக்கு முன்னால் தன் அடையாளத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். அவர் ஒப்பந்தத்தில் வந்தவர், அடுத்த வாரம் போய்விடுவார், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். "விடுங்கக்கா, இதுல எல்லாரும் ஒரு தடவ விழுவாங்க" என்று சிரித்தார். நல்ல மனிதர்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். அன்றைக்கு ஓடிவிட்டால் போதும், மற்றதைப் பிறகு சரி பண்ணிக்கொள்ளலாம். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. பெல்ட்.

இப்படிக்கு,
டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கும் உங்கள் வீட்டுக்காரி


புதன்கிழமை, ஆஸ்பத்திரி வரவேற்பறையில்

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கால் மணி நேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள். என் வேலையில்தான் கோளாறு.

திங்கட்கிழமை காட்டியது நன்றாகத்தான் போயிற்று. எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாளே உபயோகத்துக்கு விட்டுவிட்டார்கள். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் நிரந்தரத் தாள் வந்துவிடும் என்றார். உங்களுக்கு அன்றே எழுதியிருப்பேன், லாரி போய்விட்டது. இப்போது யோசித்தால் எழுதாமல் இருந்ததே நல்லது.

நடந்தது இதுதான். இங்கே குழந்தைகள் வார்டில் ஒரு நர்ஸ். போன வியாழன் ராத்திரி அவருக்கு டூட்டி. ஆள் பற்றாக்குறை என்பதால் வெள்ளிக் காலையும் அவர் பெயரையே போட்டிருந்தார்கள். அவருடைய மகள் வெளியூருக்குப் படிக்கப் போகிறாள், வெள்ளி காலை ஒன்பது மணிக்கு பஸ். வழியனுப்ப வேண்டும் என்று, காலை டூட்டியை இன்னொரு நர்சுக்கு மாற்றிக்கொண்டார். என் ஜன்னலில்தான் மாற்றினார். மாறிவிட்டது என்று திரையில் வந்தது, கண்ணால் பார்த்திருக்கிறார். பிறகு என்ன சாப்பாடு என்று பார்க்கப் பக்கத்திலிருந்த கேண்டீன் ஜன்னலை அழுத்தியிருக்கிறார். அந்த நொடியில் டூட்டி பழையபடி அவர் பெயருக்கே திரும்பிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. சாப்பாட்டுப் பட்டியலைப் பார்க்கிறவர் அதையும் இதையுமா பார்ப்பார்?

மற்ற நர்ஸ் சாயங்காலம் திறந்து பார்த்தார், தன் பெயர் இல்லை. சரி, திட்டம் மாறிவிட்டது போல என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். காலையில் வார்டுக்கு யாரும் வரவில்லை. இருபத்திரண்டு குழந்தைகளை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? ராத்திரி டூட்டி பார்த்தவரே நின்றார். மொத்தம் பதினாறு மணி நேரம். மகள் ஒன்பது மணி பஸ்ஸில் தனியாக ஏறிப் போய்விட்டாள். இதுபோல முதல் வாரத்தில் பதினோரு மாற்றம், அதில் நான்கு திரும்பிவிட்டது. மற்ற மூன்றையும் யாரோ பார்த்து நேரத்தில் பிடித்துவிட்டார்கள். இதை மட்டும் பிடிக்கவில்லை.

கேண்டீன் ஜன்னலைத் தொட்டால்தான் கோளாறு வருகிறது என்று கண்டுபிடித்தவுடன் எல்லாருடைய விரலும் தாடிக்காரர் பக்கம் நீண்டது. அவர் போன வாரமே போய்விட்டார். மேனேஜருக்கு நிம்மதி. "ஒப்பந்தத்துல வந்தவன் பண்ணுனது, ஆளும் இல்ல, நாம திருத்திக் குடுத்துடலாம்" என்கிறார். தாடிக்காரர் வேறு இடத்தில் வேலை கேட்டிருக்கிறார், அங்கேயிருந்து இவரிடம்தான் விசாரிப்பார்கள். அது மேனேஜருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கோளாறு என்னுடையது. கேட்ட அரை நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டது. போர்ட்லெட்டில் செய்வது ஒரு கட்டம், காட்டுவது ஒரு கட்டம். டூட்டியை மாற்று என்ற வேலை இருக்க வேண்டியது செய்யும் கட்டத்தில். அது பொத்தானை அழுத்தினால் ஒரே ஒரு தடவைதான் நடக்கும். காட்டும் கட்டம் அப்படியில்லை. பக்கத்தில் எவர் எந்த ஜன்னலை அழுத்தினாலும் போர்ட்டல் எல்லா ஜன்னலையும் கூப்பிட்டு, உன் முகத்தை மறுபடி வரை என்று சொல்லும். கடைசியாக உன்னிடம் என்ன கேட்டிருந்தார்கள் என்பதையும் மறக்காமல் கையில் கொடுக்கும். நான் டூட்டி மாற்றும் வேலையைக் காட்டும் கட்டத்திலேயே எழுதி வைத்திருந்தேன். சர்வ்லெட்டில் பதினாறு வருஷமாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்துதான் பழக்கம். கேண்டீனைத் தொட்டதும் என் ஜன்னலையும் வரையச் சொன்னார்கள், அது வரையும்போதே இன்னொரு தடவை மாற்றிவிட்டது. இரண்டு தடவை மாற்றினால் பழைய இடம். தனியாக வைத்துச் சோதித்தபோது பக்கத்தில் வேறு ஜன்னலே இல்லை, அதனால் தெரியவில்லை.

தெரியாமல் செய்தேன் என்றால் மனசு ஆறும். தெரிந்துதான் செய்தேன். புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைப் படித்தேன், அடிக்கோடு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரமில்லை, இப்போதைக்கு ஒரே இடத்தில் இருக்கட்டும், அப்புறம் பிரிக்கலாம் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை எல்லாரும் தலையாட்டியதும் அந்த "அப்புறம்" எனக்கு அடியோடு மறந்துபோயிற்று.

இன்று காலை அந்த நர்சைப் பார்க்கத்தான் இங்கே வந்தேன். ஓய்வறையில் நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மேனேஜர் பக்கத்தில் நின்றார். சரி செய்கிறோம் என்றுதான் சொன்னேன். அவர் கத்தவில்லை. "உங்க பொட்டியில நாலு வரி மாத்துனா சரியாயிடும். என் பொண்ணு பஸ் ஜன்னல்ல எட்டி எட்டிப் பாத்துட்டே போனாளாம், தங்கச்சி சொன்னா" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

நாளை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்களோடு கூட்டம். யாருடைய தவறு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டால் தாள் வரும், நீங்கள் வருவீர்கள். திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷமாக இந்த வீட்டில் நான் தனியாக முடிவெடுத்து முடிவெடுத்து அலுத்துப்போய்விட்டேன். இதையாவது நீங்கள் எடுத்துத் தொலைக்கக் கூடாதா? இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது கூட்டம் முடிந்திருக்கும். கேட்டு என்ன பிரயோஜனம்?

உங்கள் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு ரத்தக்கொதிப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் மனைவி


ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில்

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதற்கு முன்னால் என் செய்தியைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சொல்லிவிட்டேன். பெரிய வீரமெல்லாம் இல்லை. கூட்டத்தில் மேனேஜர் தாடிக்காரரின் பெயரைச் சொன்னார். தலைமை நர்ஸ் அதை நோட்டில் எழுதிக்கொள்ளக் குனிந்தார். அந்தப் பெயர் அந்தத் தாளில் ஏறுவதை உட்கார்ந்து பார்க்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். "அவர் இல்லைங்க, நான்தான்" என்றேன். பிறகு எப்படி நடந்தது என்று விளக்கினேன். செய்வது, காட்டுவது என்றெல்லாம் சொன்னபோது பாதிப் பேருக்குப் புரியவில்லை. தலைமை நர்சுக்குப் புரிந்தது. "அதாவது, ஊசி போட்டாச்சான்னு எட்டிப் பாக்குற ஒவ்வொரு தடவையும் மறுபடி ஒரு ஊசி போட்டுட்டீங்க" என்றார். ஆமாம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நிரந்தரத் தாள் இல்லை. மேனேஜர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். ஆறு மாத ஒப்பந்தம் மட்டும் நீட்டியிருக்கிறார்கள், அதுவும் நான் எழுதியதை நானேதான் திருத்த வேண்டும் என்பதற்காக. திருத்திவிட்டேன். எல்லா ஜன்னலையும் ஒரே பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி அழுத்தி, இருநூறு தடவை பார்த்தேன். மாற்றிய டூட்டி இப்போது அப்படியே நிற்கிறது. தாடிக்காரருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "ஏங்கக்கா, உங்களுக்குத்தான இப்ப கஷ்டம்" என்றார்.

நேற்று முன்தினம் திருத்தியதைப் போட ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த நர்சிடம் இந்தத் தடவை ஒழுங்காக மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததே எனக்கு நல்லதாகப் பட்டது. "அடுத்த வாரம் ஒரு நாள் மாத்தணும், இப்ப அமுக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அமுக்கினார். கேண்டீன் ஜன்னலையும் அமுக்கினார். மாறாமல் இருக்கிறதா என்று கிட்டே குனிந்து பார்த்தார். இருந்தது.

இனி உங்கள் கடிதம். என் இரண்டாம் கடிதத்தைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொல், வேலை போனால் போகட்டும், நான் இன்னும் இரண்டு வருஷம் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று. படித்ததும் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதியிலும் அழுதேன். நான் செய்ததையே நீங்களும் சொல்லியிருக்கிறீர்களே என்று. அடுத்த வரியில், என் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே, பத்து நாளாக இடது காலில் வலியே இல்லை, மரத்துப்போன மாதிரி இருக்கிறது, செருப்புக் கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஜோக் மாதிரி எழுதியிருந்தீர்கள். நானும் வலி போய்விட்டதே என்று சந்தோஷப்பட்டேன். உங்கள் அப்பாவிடம் வாசித்துக்கூடக் காட்டினேன்.

நேற்று சாயங்காலம் ஒரு பட்டியலைச் சரிபார்க்க மறுபடி வார்டுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த நர்ஸ் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். சும்மா பேச்சுக்கு, என் வீட்டுக்காரருக்கும் முதுகில் கோளாறு, இப்போது காலில் வலியே தெரியவில்லையாம், தேவலை என்றேன். பிடித்துவிட்டுக்கொண்டிருந்த கை நின்றது. எத்தனை நாளாக, ஒரு காலா இரண்டு காலா, என்ன வேலை, எத்தனை உயரத்தில் உட்காருகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "வலிச்சா தேவலம்மா. வலி நின்னு கால் மரத்துச்சுன்னா முதுகுல நரம்பு நசுங்குதுன்னு அர்த்தம். உடனே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. விட்டா கால்ல உணர்ச்சி திரும்பாமலே போயிடும்" என்றார். என் மேல் கோபப்பட எல்லா நியாயமும் உள்ளவர். எழுந்து போய் அவர்களுடைய டாக்டர் பெயரையும் வருகிற வியாழக்கிழமை நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையில் திணித்தார். அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். சாயங்காலமே முகாமுக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. இன்று காலையிலிருந்து ஏழு தடவை போட்டுவிட்டேன். கிடைக்கும்வரை போடுவேன். கடிதம் முந்தினால் கடிதம்.

உங்கள் கால் விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தால் கூட்டத்தில் நான் வாயைத் திறந்திருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை. உங்கள் காலா, தாடிக்காரரின் பெயரா என்று வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளப் பயமாக இருக்கிறது. நல்லவேளை, அப்படி வரவில்லை. இதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நிரந்தரத் தாள் வந்தால்தான் நீங்கள் வருவது என்று நாம் பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சு இனி இல்லை. எனக்கு ஆறு மாதம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஏதோ ஒன்று, இல்லையென்றால் ஒன்றுமில்லை. அதை நீங்களும் நானும் ஒரே அறையில் உட்கார்ந்து கவலைப்படலாம். நான் தனியாகக் கவலைப்பட்டுக் களைத்துப்போய்விட்டேன், நீங்களும் அங்கே தனியாக உட்கார்ந்து எனக்கு ஜோக் எழுதிக் களைத்துப்போயிருக்கிறீர்கள். போதும்.

வீம்பு பிடிக்காமல் வியாழனுக்குள் வந்துவிடுங்கள். மாதக் கடைசி வரை பார்க்கிறேன், இந்த ஒரு லோடு மட்டும் இறக்கிவிட்டு வருகிறேன் என்றெல்லாம் எழுதாதீர்கள். "அப்புறம்" என்று நான் தள்ளிவைத்ததில் யாரோ ஒரு பெண் தன் அம்மாவைப் பார்க்காமல் பஸ் ஏறினாள். உங்கள் மகள் அடுத்த அறையில் சத்தமாகப் பாடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

இந்தக் கடிதத்தை எங்கே வைத்துப் படிக்கிறீர்கள் என்று தெரியவில்லை. கீழே இருந்தால் மேலே ஏறாதீர்கள். மேலே இருந்தால் யாரையாவது கூப்பிட்டு, அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கண்ணால் பார்த்துக் காலை வைத்து இறங்குங்கள்.

உங்கள் மனைவி